லட் போட்டதும் அம்மா முகம் ஏன் இப்படி ஆச்சு: எடிட்டிங்ல இருந்து கலர் கிரேடிங் வரைக்கும்

குறும்படம் எடுத்து முடிச்சிட்டு ஹார்ட் டிஸ்க்கோட வர்ற பசங்க உக்காந்ததும் கேக்குற மொத கேள்வி பெரும்பாலும் இதுதான், "அண்ணா, எந்த லட் போட்டா சினிமா லுக் வரும்?" லட்ங்கிறது (LUT) ஷாட்டோட கலர ஒரே அடில மாத்துற ஒரு ரெடிமேட் ஃபைல். இந்தக் கேள்விக்கு ஒரு வரில பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வர்றதில்ல. நாலு ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டு கேமராவ வாடகைக்கு எடுத்து, ரெண்டு நாள் தூங்காம ஷூட் பண்ணிட்டு வந்திருப்பாங்க, அது கடைசி நேரத்துல ஒரு ரெடிமேட் ஃபைலால கெட்டுப் போறத பாக்க கஷ்டமா இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

சமீபத்துல வந்த ஒரு சீனையே எடுத்துக்கலாம். 12 நிமிஷப் படம், அதுல ஒரு சமையக்கட்டு சீன், மகன் வேலைக்கு வெளியூர் கிளம்புறேன்னு அம்மாகிட்ட சொல்றான். சோனி ஏ7 III கேமரால எஸ்-லாக்3ங்கிற ரெக்கார்டிங் மோட் வெச்சு எடுத்திருக்காங்க, அது என்னன்னு கீழ சொல்றேன். இடது பக்கம் ஜன்னல்ல காலை வெயில், மேல ட்யூப் லைட், சுவத்துல நம்ம வீடுகள்ல அடிக்கிற அந்த வெளிர் பச்சை பெயிண்ட். அம்மாவா நடிச்சவங்க நல்ல மாநிறம், நெத்தில பெருசா குங்குமம். படத்த எடுத்த தம்பி இது மேல ஒரு டீல் ஆரஞ்ச் (நீலப்பச்சையும் ஆரஞ்சும் தூக்கலா இருக்கிற) லட்ட இழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்திருந்தான். கன்னத்துல வெயில் பட்ட இடம் ஆரஞ்சு மிட்டாய் கலர், நிழல் பக்கம் திருநீறு பூசின மாதிரி சாம்பல், குங்குமம் இருந்த இடத்துல ஒரு தட்டையான சிவப்பு வட்டம், அதுல ஒரு டீடெயிலும் இல்ல. கண்ணு கலங்க வேண்டிய இடத்துல அந்த முகத்தப் பாத்தா பத்து நாள் காய்ச்சல்ல கிடந்து எழுந்தவங்க மாதிரி இருக்கு.

இதுக்கு லட்ட செஞ்சவங்கள குத்தம் சொல்ல முடியாது. லட்ங்கிறது ஒரு பெரிய வாய்ப்பாடு, அவ்ளோதான். சிவப்பு இவ்ளோ, பச்சை இவ்ளோ, நீலம் இவ்ளோ உள்ள வந்தா வெளிய இதக் குடுன்னு எழுதி வெச்சிருக்கும். சாதாரணமா கிடைக்கிற 33 பாயிண்ட் லட்ல 33 பெருக்கல் 33 பெருக்கல் 33, மொத்தம் 35,937 விடைங்க இருக்கும், நடுவுல வர்றத சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு நிரப்பிக்கும். அதுக்கு முகம் எது சுவர் எதுன்னு தெரியாது, ஷாட்ல வெளிச்சம் கம்மியா (அண்டர்) கூடவா (ஓவர்)ன்னும் தெரியாது. செஞ்சவர் எந்த கேமரா, எந்த வெளிச்சம், எந்த எக்ஸ்போஷர மனசுல வெச்சு செஞ்சாரோ அதே மாதிரி ஃபுட்டேஜ் உள்ள போனாத்தான் அவர் டெமோல காட்டின மாதிரி வெளிய வரும். நம்ம சமையக்கட்டு ஒரு ஸ்டாப் அண்டர்ல, அதாவது வேண்டிய வெளிச்சத்துல பாதில இருந்தா அதே முகம் வாய்ப்பாட்டுல வேற பக்கத்துக்குப் போயிடும், அங்க என்ன எழுதி வெச்சிருக்காரோ அதுதான் கிடைக்கும்.

இங்க லாக் ஃபுட்டேஜ்னா என்னன்னு ஒருதடவ தெளிவா பாத்துடணும். தமிழ்ல எழுதும்போது எடிட் முடிஞ்சு பூட்டுற பிக்சர் லாக்கும் இந்த எஸ்-லாக்ல வர்ற லாக்கும் ஒரே மாதிரி இருக்கும், ரெண்டும் வேற வேற. இந்த லாக் கணக்குப் புத்தகத்துல வர்ற லாகரிதம். ஃபிலிம் நெகட்டிவ் வெளிச்சத்த அப்படித்தான் பதிவு பண்ணும், வெளிச்சம் ரெட்டிப்பானா அடர்த்தி ஒரு படி ஏறும், மறுபடி ரெட்டிப்பானா இன்னொரு படி. 90கள்ல நெகட்டிவ்வ ஸ்கேன் பண்ண கோடாக் கொண்டு வந்த சினியான் ஃபார்மேட் இதே வழிய எடுத்துக்கிச்சு, அப்புறம் ஆரி லாக்-சி, கேனான் சி-லாக், பானாசோனிக் வி-லாக், சோனி எஸ்-லாக்னு எல்லாரும் அந்த வழிலயே வந்தாங்க. நோக்கம் ஒண்ணுதான், ஜன்னலுக்கு வெளிய இருக்கிற வெயிலும் அடுப்புக்குக் கீழ இருக்கிற இருட்டும் ஒரே ஃபைல்ல அடங்கணும். அடக்கணும்னா நெருக்கித்தான் வெக்கணும், அதனாலதான் லாக் ஃபுட்டேஜ் வெளிறிப் போய் கான்ட்ராஸ்டே இல்லாம தெரியுது.

எஸ்-லாக்3ல இந்த நெருக்கம் எவ்ளோன்னு நம்பராவே சொல்லலாம். 10-பிட்ல மொத்தம் 1,024 படி. அதுல முழு இருட்டு 95வது படில இருக்கு, விழுற வெளிச்சத்துல 18 சதவீதத்த திருப்பி அனுப்புற க்ரே கார்டு 420ல, 90 சதவீத வெள்ளைப் பேப்பர் 598ல. அதாவது ஒரு சாதாரண சீன்ல கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் இருக்கிற மொத்தமும் ஏறக்குறைய 500 படில முடிஞ்சிருது, மேல இருக்கிறதெல்லாம் ஹைலைட்டுக்கு ஒதுக்கின இடம். சரி, ஏ7 III உள்ளுக்குள்ள ரெக்கார்ட் பண்றது 8-பிட், மொத்தமே 256 படிதான், அப்போ அதே கறுப்பு வெள்ளை தூரம் ஏறக்குறைய 125 படியா சுருங்குது. இத இழுத்து நார்மல் கான்ட்ராஸ்ட்டுக்குக் கொண்டு வரும்போது படிக்குப் படி இடைவெளி தெரிய ஆரம்பிக்கும், வெத்துச் சுவத்துலயும் வானத்துலயும் பட்டை பட்டையா தெரியிறது அதனாலதான். அது போதாதுன்னு 4:2:0, அதாவது நாலு பிக்சலுக்கு சேர்த்து ஒரே ஒரு கலர் தகவல். இப்படிப்பட்ட ஃபைல் மேல ஓங்கி அடிக்கிற லட்ட போட்டா உடையத்தான் செய்யும். இந்த மாதிரி கேமரா கையில இருக்கிறவங்க வெளிச்சம் கட்டுக்குள்ள இருக்கிற இன்டோர் சீன எஸ்-லாக்3ல எடுக்காம சாதாரண பிக்சர் ப்ரொஃபைல்ல கரெக்டா எக்ஸ்போஸ் பண்ணி எடுத்தா நல்ல ரிசல்ட் கிடைக்கும்னு நான் எப்பவும் சொல்வேன். ஏ7 IV மாதிரி 10-பிட் 4:2:2 இருக்கிற கேமரான்னா தாராளமா லாக்ல எடுங்க.

கலருக்கு வர்றதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். தம்பி கொண்டு வந்த டைம்லைன்ல எடிட்டே முடியல, ஆனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் லட்டும், ஓரத்த இருட்டாக்குற விக்னெட்டும் போட்டு வெச்சிருந்தான். இது பழைய முறைல நடக்கவே நடக்காது. ஃபிலிம் காலத்துல நெகட்டிவ்ல இருந்து போட்ட ரஷ் பிரிண்ட்ட வெச்சு எடிட் பண்ணி, அது முடிவான பிறகுதான் நெகட்டிவ் கட்டிங், அதுக்கு அப்புறம்தான் லேப்ல கிரேடிங், கடைசியா ஃபர்ஸ்ட் காப்பி. சாலிகிராமம் பிரசாத் லேப் மாதிரி இடங்கள்ல இந்த வரிசைலதான் வேலை ஓடுச்சு, ஏன்னா நெகட்டிவ்ல கத்தி வெச்சிட்டா திரும்ப ஒட்ட முடியாது. இன்னிக்கு எத்தனை தடவ வேணும்னாலும் மாத்தலாம்ங்கிறதால வரிசை போயிடுச்சு, ஆனா வரிசை இருந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, எடிட்ல ஷாட் இடம் மாறினா அதோட அர்த்தம் மாறும், அர்த்தம் மாறினா அதுக்கு வேண்டிய கலரும் மாறும்.

அர்த்தம் மாறுமான்னு சந்தேகம் இருக்கிறவங்களுக்கு குலெஷோவ் செஞ்ச சோதனைய சொல்லலாம். லெவ் குலெஷோவ் ரஷ்யக்காரர், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி மொஸ்யூகின்ங்கிற நடிகரோட ஒரே முகத்த எடுத்து, ஒருதடவ சூப் கிண்ணத்துக்குப் பக்கத்துல ஒட்டினார், ஒருதடவ சவப்பெட்டில இருக்கிற குழந்தைக்குப் பக்கத்துல, ஒருதடவ ஒரு பொண்ணுக்குப் பக்கத்துல. பாத்தவங்க பசி தெரியுது, சோகம் தெரியுது, ஆசை தெரியுதுன்னு நடிப்பப் பாராட்டினாங்களாம். முகம் ஒண்ணுதான், மாறினது பக்கத்து ஷாட் மட்டும். எடிட்டிங்கோட மொத்த பலமும் இந்த ஒரு விஷயத்துல இருக்கு.

நம்ம சமையக்கட்டுக்கு வர்றேன். மகன் "நாளைக்கு நைட்டு பஸ்மா"ன்னு சொல்லி முடிக்கிறான், அப்புறம் கட், அம்மா முகம், ஒரு செகண்ட் பாக்குறாங்க, "சரிப்பா"ங்கிறாங்க, திரும்ப மகன். பேசுறவங்க மேலயே ஷாட் போயிட்டு இருக்கு, பிங்பாங் ஆடுற மாதிரி. சீன் தப்பில்ல, ஆனா மனசுல ஒட்டல. ரஷ்ஷ முழுசா ஓட விட்டப்போ ஒரு இடத்துல அந்த அம்மா எவர்சில்வர் டம்ளர துணியால தொடச்சிட்டு இருக்காங்க, மகன் பஸ் பத்தி சொன்னதும் கை நிக்குது, அரை செகண்ட் கழிச்சு மறுபடி தொடைக்க ஆரம்பிக்கிறாங்க, இந்தத் தடவ தொடச்ச இடத்தையே திரும்பத் திரும்ப. இந்த ஷாட்ட தம்பி டம்ளர் கன்டினியூட்டி தப்புன்னு தூக்கிப் போட்டிருந்தான், வைட்ல டம்ளர் வலது கைல இருக்கு, இதுல இடது கைல.

கன்டினியூட்டிக்காக இந்த மாதிரி ஷாட்ட விடவே கூடாது. வால்டர் மர்ச்னு பெரிய எடிட்டர், ஒரு கட்ட முடிவு பண்ண ஆறு விஷயத்த வரிசைப்படுத்தி எதுக்கு எவ்ளோ முக்கியத்துவம்னு நம்பரே குடுத்திருக்கார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, ரிதத்துக்கு 10, பாக்குறவங்க கண்ணு திரைல எங்க இருக்குங்கிறதுக்கு 7, திரையோட தட்டையான பரப்புல ஆளுங்க இருக்கிற நிலைக்கு 5, அந்த இடத்தோட நிஜமான முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு 4. டம்ளர் எந்தக் கைங்கிறது கடைசி 4ல வரும், கை நின்னது மொதல் 51ல வரும். ரெண்டுல எத விட்டுக் குடுக்கணும்னு இதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்ல.

அதனால செஞ்சது இதுதான். "நாளைக்கு நைட்டு"ன்னு மகன் சொல்லும்போதே படம் அம்மா கைக்கு வந்துடுச்சு, "பஸ்மா"ங்கிறது கை மேல கேக்குது, இத எல்-கட்னு சொல்வோம், முந்தின ஷாட்டோட சத்தம் அடுத்த ஷாட் மேல நீள்றது. கை நிக்கிற அந்த அரை செகண்டுல, 25 ஃப்ரேம் டைம்லைன்ல 12, 13 ஃப்ரேம் வரும், வேற எந்த சத்தமும் இல்ல. அப்புறம் பக்கத்து வீட்டு குக்கர் விசில் கேக்குது, அது கேட்டு ரெண்டு மூணு ஃப்ரேம் கழிச்சுதான் அம்மா முகத்துக்குக் கட். சத்தம் முதல்ல வந்து படம் பின்னாடி வர்றது ஜே-கட். விசில் கேட்டு அவங்க நிமிர்ற மூவ்மெண்ட்ல கட் விழுறதால டம்ளர் கை மாறினத யாரும் பாக்கல, மூவ்மெண்ட் நடுவுல கட் பண்ணா கண்ணு அசைவத்தான் பிடிக்கும். "சரிப்பா"ங்கிற டயலாக்க எடுத்துட்டோம். கை சொல்லிடுச்சு, வாய் சொல்லத் தேவையில்ல.

இங்க ரெண்டு சின்ன விஷயம். கட் பண்ண இடத்துல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் திடீர்னு நின்னு திடீர்னு வரும், ஷூட்டிங்ல எல்லாரையும் அமைதியா இருக்கச் சொல்லி 30 செகண்ட் ரூம் டோன், அதாவது அந்த ரூமோட வெறும் சத்தம், எடுத்து வெச்சிருந்தா அதக் கீழ விரிச்சு மறைச்சிடலாம். அப்புறம் மொபைல்ல எடுத்த ஷாட் ஏதாவது நடுவுல இருந்தா அது பெரும்பாலும் வேரியபிள் ஃப்ரேம் ரேட்ல இருக்கும், செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிறது நிலையா இருக்காது, போகப் போக சத்தம் விலகும், டைம்லைனுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே 25க்கு கன்வர்ட் பண்ணிடுங்க.

சரி, பிக்சர் லாக் ஆச்சு, இப்போ டிஐ. நம்ம ஊர் சினிமால கலர் கிரேடிங்க டிஐன்னே சொல்லிப் பழகிட்டோம், டிஜிட்டல் இன்டர்மீடியட்ங்கிறதோட சுருக்கம், நெகட்டிவ்வ ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல கலர் பண்ணி திரும்ப ஃபிலிம்ல ஏத்தின காலத்துப் பேரு. ஃபிலிமே இல்லாமப் போனாலும் பேரு நின்னுடுச்சு.

கிரேடிங்ல மொத வேலை லுக் இல்ல, மேட்ச்சிங். சமையக்கட்டு சீன்ல மொத்த இடமும் தெரியிற மாஸ்டர் ஒண்ணு, ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி இருந்து எடுக்கிற சஜஷன் ரெண்டு, க்ளோஸ் மூணு, டம்ளர் ஷாட் ஒண்ணு. காலைல ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எடுத்திருக்காங்க, வெயில் நகர்ந்திருக்கு, கேமரால ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல இருந்திருக்கு. ஒவ்வொரு ஷாட்லயும் சுவரு வேற பச்சை. இப்படியே மேல ஒரு லட்ட போட்டா ஒவ்வொரு ஷாட்டும் வேற வேற தப்போட வெளிய வரும். மொதல்ல மாஸ்டர் ஷாட்ட சரி பண்ணி, அதுல ஒரு ஸ்டில் பிடிச்சு பக்கத்துல வெச்சுக்கிட்டு, மத்த எல்லாத்தையும் அதோட சேர்க்கணும். இது போரடிக்கிற வேலைதான், ஆனா பாக்குறவங்க "கலர் நல்லாருக்கு"ன்னு சொல்றது இந்த வேலையத்தான், அவங்களுக்கு அது தெரியாது.

டாவின்சி ரிசால்வ்ங்கிற கிரேடிங் சாஃப்ட்வேர்ல செய்றவங்க நோட் வரிசைய கவனிங்க, நோட்னா ஒவ்வொரு திருத்தத்தையும் வெக்கிற ஒரு பெட்டி. எஸ்-லாக்3ய ரெக்.709க்கு, அதாவது சாதாரண டிவி, மானிட்டருக்கான கலருக்கு மாத்துற கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் நோட் கடைசில இருக்கட்டும், எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் அதுக்கு முன்னாடி இருக்கிற நோட்ல சரி பண்ணுங்க. நிறைய பேர் லட்ட மொதல்ல போட்டுட்டு அதுக்குப் பின்னாடி ஜன்னல் வெந்துடுச்சேன்னு ஹைலைட்ட இறக்குவாங்க, ஆனா லட் ஏற்கனவே அந்த வெளிச்சத்த வெட்டிப் போட்டிருக்கும், இறக்கினா வெள்ளைக்குப் பதிலா சாம்பல்தான் வரும். முன்னாடி நோட்ல இறக்கினா லாக் ஃபைல்ல இருக்கிற வானமும் கம்பியும் அப்படியே திரும்ப வரும்.

அந்த முன்னாடி நோட்ல எக்ஸ்போஷருக்கு லிஃப்ட் (இருட்டு), காமா (நடு), கெய்ன் (வெளிச்சம்) மூணையும் போட்டு உருட்ட வேண்டாம், மொத்தத்தையும் சேர்த்து நகர்த்துற ஆஃப்செட் மட்டும் போதும். லாக்ல ஒரு ஸ்டாப்னா 10-பிட் கணக்குல ஏறக்குறைய 78 படி மேல இல்லன்னா கீழ, நடுவுல இருந்து மேல எங்க எடுத்தாலும் அதே தூரம், அதனால மொத்தத்தையும் ஒரே அளவுக்கு நகர்த்தினா கேமரால ஐரிஸ் மாத்தின மாதிரியே நடக்கும். இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. நெகட்டிவ்ல இருந்து பிரிண்ட் போடும்போது அடிக்கிற வெளிச்சத்த லேப்ல பிரிண்டர் லைட்டுன்னு சொல்வாங்க, சிவப்பு பச்சை நீலம் ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 50 வரைக்கும் பாயிண்ட், நடு 25. அந்த மூணு நம்பர மட்டும் வெச்சுத்தான் ஃபிலிம் காலத்து கலர் படங்க பெரும்பாலும் கிரேட் ஆச்சு. பவர் விண்டோ இல்ல, கர்வ் இல்ல, மாஸ்க் இல்ல. ஒளிப்பதிவாளர் லைட்டிங்லயே எல்லாத்தையும் முடிச்சிருந்தார், லேப் மேட்ச் மட்டும் பண்ணுச்சு. இன்னிக்கும் ஆஃப்செட்ட மட்டும் வெச்சு ஒரு முழு சீன மேட்ச் பண்ணிப் பாருங்க, கண்ணு பழகுற வேகம் உங்களுக்கே தெரியும்.

இப்போ முகம். நான் இந்தக் கட்டுரைய எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். நெட்ல பெரும்பாலான டுடோரியல்ல முகம் வேவ்ஃபார்ம்ல, அதாவது பிரகாசத்த 0ல இருந்து 100 வரைக்கும் காட்டுற கிராஃப்ல, 70ல இருக்கணும்னு சொல்வாங்க. அது வெள்ளைத் தோலுக்கு. அவங்க தோல் க்ரே கார்ட விட ஒரு ஸ்டாப் கூட வெளிச்சத்த திருப்பி அனுப்பும். நம்ம மாநிறத் தோல் க்ரே கார்டு பக்கத்துலயே இருக்கும், நல்ல கறுப்புன்னா இன்னும் கீழ. ஃபைனல் பிக்சர்ல 40ல இருந்து 50க்குள்ள மாநிறம் நல்லா உக்காரும், கறுப்பான முகம்னா 30களோட நடுவுல கூட அழகா இருக்கும், அந்த முகத்துல நெத்தி, மூக்கு, கன்ன எலும்பு மேல விழுற பளபளப்பு மேல ஏறினா போதும். இதத் தூக்கி 70ல வெச்சா ரெண்டு கேடு, நிழல்ல இருக்கிற நாய்ஸ் மேல வரும், தோல் மாவு பூசின மாதிரி வெளிறும். தம்பியோட லட்டுல நடந்ததுல பாதி இதுதான், அது 70ல இருக்கிற முகத்த எதிர்பாத்து செஞ்சது.

இந்த அளவுகோல் எங்க இருந்து வந்துச்சுன்னா அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்கால ஃபோட்டோ லேப்கள்ல கலர் சரியா இருக்கான்னு பாக்க ஷெர்லி கார்டுன்னு ஒரு படம் வெச்சிருந்தாங்க, வெள்ளைக்காரப் பெண்ணோட போர்ட்ரெய்ட். அந்தத் தோல் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு கணக்கு. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே குரூப் ஃபோட்டோல நின்னா கறுப்புக் குழந்தைங்க முகத்துல கண்ணும் பல்லும்தான் தெரியும், பெத்தவங்க கேட்டுப் பாத்தாங்க, பெருசா எதுவும் நடக்கல. 1970கள்ல மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் எங்க பொருளோட பிரவுன் ஷேடு ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியலன்னு புகார் சொன்ன பிறகுதான் கோடாக் பிரவுன் கலர் நல்லா பிரியிற மாதிரி ஃபிலிம்ம மாத்துச்சு. இது எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கிற விஷயம். நம்ம முகத்துக்கு ஏத்த அளவ யாரோ எழுதின டுடோரியல்ல இருந்து எடுத்துக்க வேண்டிய அவசியம் இல்ல, ஷூட்டிங் ஸ்பாட்ல அந்த நடிகர் கைல ஒரு க்ரே கார்ட குடுத்து அஞ்சு செகண்ட் ரோல் பண்ணா அந்த முகத்துக்கான அளவு கைல வந்துடும்.

பிரகாசம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனா ஹ்யூ, அதாவது எந்த நிறம்ங்கிறது, அவ்ளோவா மாறாது. நிறத்த வட்டமா காட்டுற வெக்டர்ஸ்கோப்ல சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல, கடிகாரத்துல 11 மணி முள்ளு நிக்கிற திசைல ஒரு கோடு இருக்கும், ஸ்கின் டோன் லைன். எந்த இனத்து முகமா இருந்தாலும் அந்தக் கோட்ட ஒட்டியேதான் வரும், ஏன்னா தோலுக்குக் கலர் குடுக்கிறது எல்லாருக்கும் அதே ரத்தமும் அதே மெலனினும். மாஸ்க் போட்டு கன்னத்த மட்டும் தனியா ஸ்கோப்ல பாருங்க. சமையக்கட்டு சீன்ல அது கோட்ட விட்டு பச்சைப் பக்கம் சாய்ஞ்சு கிடந்துச்சு. காரணம் ரெண்டு, ட்யூப் லைட்ல இயல்பாவே பச்சை தூக்கலா இருக்கும், அது கூட அந்தப் பச்சைச் சுவத்துல ஜன்னல் வெயில் பட்டுத் திரும்பி நிழல் பக்கக் கன்னத்துல விழுது. வெயில் பக்கம் சரியா இருக்கு, நிழல் பக்கம் பச்சை. இத டிண்ட் ஸ்லைடர மெஜந்தா பக்கம் தள்ளி சரி பண்ணா வெயில் பக்கக் கன்னம் ரோஸ் ஆயிடும், மொத்த படத்துக்கும் ஒரே மருந்து செட் ஆகாது. நிழல மட்டும் லூமினன்ஸ் (பிரகாசம்) வெச்சு செலக்ட் பண்ணி அதுல மட்டும் கொஞ்சமா மெஜந்தா குடுத்தோம், முழுசா பச்சைய எடுக்கல, பச்சைச் சுவத்துக்குப் பக்கத்துல நிக்கிற முகத்துல கொஞ்சம் பச்சை இருக்கிறதுதான் உண்மை. ஷூட்டிங்லயே ட்யூப் லைட்ட அணைச்சிட்டு, கேமராவுக்குத் தெரியாத பக்கம் சுவத்துல ஒரு வெள்ளை வேட்டிய கட்டித் தொங்க விட்டிருந்தா இந்த வேலையே வந்திருக்காது.

ட்யூப் லைட்டுன்னதும் இதையும் சொல்லிடறேன், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ துடிக்கும். ஷட்டர் 1/50ல வெச்சா தப்பிக்கலாம், 1/60ல வெச்சா பட்டை ஓடும், அதக் கிரேடிங்ல எடுக்கிறது பெரும்பாடு.

குங்குமம் தனிக் கதை. நம்ம படங்கள்ல குங்குமம், மஞ்சள், பட்டுப்புடவை, கோயில் திருவிழா சீரியல் பல்பு செட் எல்லாமே கலரோட எல்லைல நிக்கிற பொருளுங்க. சாச்சுரேஷன, அதாவது கலரோட அடர்த்திய, மொத்தமா ஏத்தினா முகத்துக்கு முன்னாடி இதுங்கதான் எல்லை தாண்டும், தாண்டினதும் சிவப்பு சேனல் உச்சத்துல முட்டி நின்னுடும், நெத்திப் பொட்டு ஸ்டிக்கர் ஆயிடும். அதுல இருக்கிற தூள், விரல் ரேகை, ஓரத்துல கலைஞ்ச இடம் எல்லாம் போயிடும். சிவப்ப மட்டும் ஹ்யூ வெர்சஸ் சாச்சுரேஷன் கர்வ்ல பிடிச்சு கொஞ்சம் இறக்கி, லூமினன்ஸையும் ஒரு பொட்டு குறைச்சா குங்குமம் திரும்ப குங்குமமா தெரியும். நீல எல்இடிக்கும் இதே கதை, கல்யாண மண்டபத்துல எடுத்த ஃபுட்டேஜ்ல நீலம் பிளாஸ்டிக் மாதிரி திட்டா நிக்கும், அதுக்கு ரிசால்வ்ல எல்லை தாண்டின கலர உள்ள இழுக்கிற காமட் மேப்பிங், காமட் கம்ப்ரஷன் மாதிரி டூல்ஸ் இருக்கு, அதப் போட்டுட்டு அப்புறம் மத்த வேலைய ஆரம்பிங்க.

இவ்ளோக்கும் அப்புறம்தான் லுக். நான் லுக்குக்கு எதிரி இல்ல. 2000ல வந்த ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ் படத்துக்கு ரோஜர் டீக்கின்ஸ் செஞ்சது லுக்தான், மிசிசிப்பில கோடைல எடுத்தாங்க, மரமெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு, கதைக்கு வேண்டியது காஞ்சு போன, புழுதி படிஞ்ச கலர். மொத்த படத்தையும் ஸ்கேன் பண்ணி பச்சைய மஞ்சளா, காஞ்ச புல் கலரா மாத்தினாங்க. முழு நீளப் படத்த அப்படி டிஜிட்டலா கிரேட் பண்ணதுல ஹாலிவுட்ல அதுதான் முன்னோடி. அங்க லுக் கதைல இருந்து வந்துச்சு, பச்சை வேண்டாம்ங்கிறது ஷூட்டிங்குக்கு முன்னாடியே எடுத்த முடிவு. டீல் ஆரஞ்சும் சும்மா வந்த ஃபேஷன் இல்ல, தோல் கலர் ஆரஞ்சு பக்கம் இருக்கு, கலர் வீல்ல அதுக்கு நேர் எதிர் டீல், பின்னணிய டீலா தள்ளினா முகம் பிரிஞ்சு முன்னாடி வரும். ஆனா நம்ம மாநிற முகத்தோட நிழல் பக்கம் பிரகாசத்துல பின்னணி நிழலோடவே இருக்கும். நிழலுக்கெல்லாம் டீல்னு வாய்ப்பாடு சொன்னா முகத்துல பாதியும் அதோட போயிடும், சாம்பல் பூசின மாதிரி ஆனதுக்கு இது மீதிப் பாதிக் காரணம். லுக் வேணும்னா முகத்த வெளிய விட்டுட்டு சுவத்துலயும் பாத்திரத்துலயும் பண்ணுங்க.

இதெல்லாம் வீட்ல உக்காந்து செய்ய முடியுதுங்கிறதே பெரிய விஷயம்தான். டாவின்சி சிஸ்டம் ஒரு காலத்துல லட்சக்கணக்கான டாலர் விலை. 2009ல பிளாக்மேஜிக் டிசைன் அந்த கம்பெனிய வாங்கி, அடுத்த வருஷமே மேக் வெர்ஷன 995 டாலருக்குக் கொண்டு வந்து, 2011ல இலவச வெர்ஷனும் விட்டாங்க. இப்பவும் அந்த இலவச வெர்ஷன்ல மேல சொன்ன வேலைல பெரும்பாலானத செய்யலாம், நாய்ஸ் ரிடக்‌ஷன் மாதிரி சிலதுக்குத்தான் ஸ்டூடியோ வெர்ஷன் வேணும். செலவு பண்ண கொஞ்சம் காசு இருந்தா லட் பேக்குக்கு போடாம மானிட்டர் கேலிப்ரேஷனுக்குப் போடுங்க. எஸ்டிஆருக்கு (ஹெச்டிஆர் இல்லாத சாதாரண வீடியோவுக்கு) வெள்ளை 100 நிட்ஸ்ல இருக்கணும், நிட்ஸ்ங்கிறது திரை வெளிச்சத்தோட அளவு, ரூம் இருட்டா இருக்கணும், மானிட்டருக்குப் பின்னாடி சுவத்துல மெல்லிசா டி65ங்கிற பகல் வெளிச்ச வெள்ளைல லைட் ஒண்ணு.

டெலிவரில ஒரே ஃபைல எல்லா இடத்துக்கும் அனுப்பாதீங்க. தியேட்டர் ஸ்கிரீன்ல வெள்ளையோட அளவு 48 நிட்ஸ்தான், தியேட்டருக்கான டிசிஐ-பி3 கலர், காமா (இருட்டுல இருந்து வெளிச்சம் ஏறுற வளைவு) 2.6, அதுக்கு டிசிபிங்கிற தியேட்டர் ஃபைல தனியா பண்ணணும். ஃபோன் ஸ்கிரீன் பல நூறு நிட்ஸ் அடிக்கும். எக்ஸ்போர்ட் பண்ணத மேக்ல குயிக்டைம்ல திறந்தா வெளிறிப் போய் தெரியும், பதறிப் போய் கான்ட்ராஸ்ட்ட ஏத்திடாதீங்க, ஃபைல் மேல இருக்கிற காமா டேக்க ஆப்பிள் வேற மாதிரி படிக்குது, ரிசால்வ் டெலிவர் பேஜ்ல காமா டேக் ரெக்.709-ஏன்னு மாத்தி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

தம்பியோட சீன் முடிய மூணரை மணி நேரம் ஆச்சு, அதுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல மேட்ச்சிங். லட் எதுவும் இல்ல, ஒரே ஒரு கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட், நிழலுக்கு ஒரு நோட், குங்குமத்துக்கு ஒரு நோட், கடைசியா சுவத்துப் பச்சைய கொஞ்சம் மங்கலாக்க ஒரு நோட். எக்ஸ்போர்ட் பண்ணி அவன் ஃபோன்லயே, பிரைட்னஸ பாதில வெச்சு, வாசல் வெளிச்சத்துல நின்னு பாத்தோம். டம்ளர் ஷாட் வந்தப்போ தொடைக்கிற விரல்ல மஞ்சள் கறை இருக்கிறது தெரிஞ்சுது. ஷூட் பண்ணப்போ அத கவனிக்கவே இல்லண்ணான்னு சொல்லிட்டு, அந்த ஷாட்ட மட்டும் இன்னொருதடவ ஓட்டிப் பாத்தான்.